பவளம் பழகிக்கொள்ளாதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மன்னார் வளைகுடா பற்றிய உங்கள் குறிப்பில், கடல் சூடாவதால் இன்னும் ஒரு தலைமுறையில் அங்குள்ள பவளப்பாறைகள் இப்போதிருப்பதுபோல் இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அப்பா காலமெல்லாம் வள்ளத்தில் போனவர். அவருக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். "2016ல பார் பூரா வெள்ளையாப் போச்சு. அப்புறம் நெறம் திரும்பிடுச்சே. கடலுக்குத் தெரியும்ல" என்றார். (எங்கள் பக்கம் கடலடிப் பவளப்பாறையைப் பார் என்போம்.) எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பவளக் கல்லை வள்ளம் வள்ளமாக அள்ளிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு விற்றபோது கேட்க ஆளில்லை. இழுவை மடி வலை கடலடியை வழித்தபோதும் இல்லை. இப்போது பருவநிலை என்று சொன்னால் யார் மீதும் குற்றம் இல்லாமல் போய்விடுகிறது. பவளம் கோடிக்கணக்கான வருடங்களாக இருக்கும் உயிர். எத்தனை சூட்டைப் பார்த்திருக்கும்! பழகிக்கொள்ளாதா?

ச., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள ச.,

நிறம் திரும்பியது உண்மை. அப்பா பார்த்ததில் எந்தப் பிசகும் இல்லை. எந்தப் பவளத்துக்குத் திரும்பியது, எதற்குத் திரும்பவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு முன் உங்கள் சந்தேகத்தைப் பார்த்துவிடலாம், அதில் நியாயம் இருக்கிறது.

கல் எடுத்தது பெரிய அநியாயம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போனதற்குக் கல் எடுத்ததையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுக்கும் பாறையைப் பெயர்த்துவிட்டால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? சுண்ணாம்புக்குப் போனது, கார்பைடு ஆலைக்குப் போனது. கடல் தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்த பிறகும் போய்க்கொண்டிருந்தது. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் இந்த வேலை ஏறக்குறைய நின்றது.

நின்ற பிறகு என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒவ்வொரு தீவாகக் கடலுக்குள் இறங்கி, பாறைப் பரப்பில் எவ்வளவு இடத்தில் உயிருள்ள பவளம் இருக்கிறது என்று அளந்து வருகிறார்கள். 2005இல் ஏறத்தாழ 37 சதவீதம். 2009இல் 43 சதவீதம் வரை ஏறியது. கல் எடுப்பதை விட்டதும் நான்கே வருடத்தில் வந்த பலன் இது. இதை உங்கள் கட்சிக்குச் சாட்சியாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வருடக் கோடையில் தண்ணீர் சூடேறி, 33க்கு இறங்கியது. மறுபடி மெல்ல ஏறி 39ஐத் தொட்டபோது 2016 வந்தது. அந்தக் கோடை முடிந்து அளந்தபோது 23க்கும் குறைவு.

கடப்பாரையும் வள்ளமும் பல பத்தாண்டுகள் அள்ளிய பிறகும் 37 மிச்சம் இருந்தது. கல் எடுப்பது நின்றபின் இரண்டு சூடான கோடைகள் அதை 23க்குக் கொண்டுவந்துவிட்டன. கல் எடுத்தவர்களைக் காப்பாற்றுவதற்காக நான் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. சட்டம் போட்டு நிறுத்த முடிந்த ஒன்றையும், அந்தச் சட்டத்தால் தொடமுடியாத ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இந்தக் கணக்கு வாய்ப்புக் கொடுக்கிறது.

இனி நிறத்துக்கு வருவோம். பவளம் என்பது கண்ணாடி மாதிரித் தோல் கொண்ட ஒரு சிறு பூச்சி, கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டும் சுண்ணாம்பு வீடு. பழுப்பு, பச்சை, மஞ்சள் என்று நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பங்கு அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. அந்தப் பாசி வெயிலில் சமைத்துத் தரும் சாப்பாட்டில்தான் பவளத்தின் பிழைப்பே நடக்கிறது, தேவையில் 90 சதவீதம் வரை. குடியிருப்பவன் வாடகைக்குப் பதிலாக வீட்டுக்காரனுக்குச் சோறு போடுகிற ஏற்பாடு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் பாசியின் சமையல் கெட்டு, நச்சு ஊற ஆரம்பிக்கும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். தோல் வழியே உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும்.

அந்த நிலையில் பவளம் செத்திருக்காது, பட்டினி கிடக்கும். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் காற்று அடங்கி, ஓர் ஆள் இரண்டு ஆள் ஆழத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும்போது வெளுக்க ஆரம்பிக்கும். தென்மேற்குக் காற்று எழும்பிக் கடலைக் கலக்கினால் சூடு தணியும், பாசி திரும்பும், நிறமும் திரும்பும். காற்று சில வாரம் தள்ளிப்போனால் சாவுதான். அப்போது வெள்ளை மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு படலம் படரும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் நிறம் திரும்பிய மாதிரியேதான் இருக்கும். பக்கத்தில் போனால் தலைமுடி போல அசையும் பாசி. மாதங்கள் போகப்போகக் கிளைகள் உளுத்து, ஒரு நல்ல அலைக்கு ஒடிந்து, அடியில் குச்சிக் குவியலாகக் கிடக்கும்.

2016இல் அதிகம் செத்தவை மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் பவளங்களும் தட்டுத் தட்டாக விரிபவையும். பாறாங்கல் போல உருண்டு கிடக்கும் கெட்டிப் பவளங்கள் பெரும்பாலும் வெளுத்துத் தேறிவிட்டன. அப்பா கண்ணில் பட்ட நிறத்தில் இவற்றின் பங்கு பெரிது என்று நினைக்கிறேன். பிழைத்தது பிழைத்ததுதான், சந்தோஷம். ஆனால் குஞ்சு மீன் ஒளிவது கிளைகளுக்கு இடையில். உருண்டைக் கல்லில் அத்தனை சந்து பொந்து கிடையாது. பாரை நம்பி இருக்கும் கலவாய், விளமீன், ஓரா எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். சதவீதக் கணக்கில் இது வராது. 30 சதவீதம் கிளைப் பவளமும் 30 சதவீதம் உருண்டைப் பவளமும் காகிதத்தில் ஒன்று, மீனுக்கு ஒன்றல்ல.

சரி, பழகிக்கொள்ளாதா? லட்சத்தீவில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நேரடியான பதில் கிடைத்திருக்கிறது. அங்கே 1998, 2010, 2016 என்று மூன்று பெரிய வெளுப்புகளையும் தாண்டி, 24 வருடம் ஒரே பாறைகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெளுப்பிலும் சாவு முந்தைய முறையைவிடக் குறைந்துகொண்டே வந்தது. இதை மட்டும் கேட்டால் பழகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் 1998இல் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம் 2022இல் 19 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது. சூடு தாங்காதவை முதலிலேயே போய்விட்டால் அடுத்த முறை சாவதற்கு ஆள் குறைவாகத்தானே இருக்கும்? இன்னொன்று, வெளுப்பு இல்லாமல் ஆறு வருடமாவது கிடைத்தால்தான் பாறை உருப்படியாகத் தேறுகிறது. மன்னாரில் 2010க்கும் 2016க்கும் இடையில் கிடைத்தது சரியாக ஆறு. அடுத்த பெரிய அடி 2024இல். அந்தக் கோடையில் இங்கும் லட்சத்தீவிலும் மட்டுமல்ல, உலகம் முழுக்கவே பவளங்கள் வெளுத்தன.

கோடி வருட வாதத்தை நானும் ஒரு காலத்தில் ரசித்ததுண்டு. இன்றைய கல் பவளங்களின் வம்சம் 24 கோடி வருடப் பழசு என்பது சரியே. ஆனால் நம் மன்னார்ப் பாறைகளுக்கு அந்த வயசெல்லாம் இல்லை. 20,000 வருடங்களுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே கிடந்தது. உங்கள் அப்பா வள்ளம் விட்ட இடம் அப்போது தரை. கடல் ஏறி நிலைத்தபின் சில ஆயிரம் வருடங்களில் வளர்ந்தவைதான் இந்தப் பார்கள். பனிக்காலம் முடிந்து பூமி ஐந்தாறு டிகிரி சூடாக ஏறத்தாழ பத்தாயிரம் வருடம் எடுத்துக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் 1950க்கும் 2020க்கும் இடையில், எழுபதே வருடத்தில், 1.2 டிகிரி ஏறிவிட்டது. பவளம் என்ற இனம் எங்காவது ஒரு மூலையில் பிழைக்கும். அதை நான் மறுக்கவில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கரியாச்சல்லித் தீவு ஓரத்தில் பிழைக்குமா என்பதுதான் நம் கவலை.

இதே கடலைப் பற்றிப் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் சொல்லும் கணக்கு ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கடலில் வெப்ப அலை என்று சொல்லத்தக்க நாட்கள் முன்பு வருடத்துக்கு 20 வாக்கில். இப்படியே புகைவிட்டுக்கொண்டிருந்தால் இந்த நூற்றாண்டின் கடைசியில் 220 முதல் 250 நாள். அப்போது சூட்டை ஆற்றும் காற்று எந்த மாதம் வந்து என்ன?

யார் மீதும் குற்றம் இல்லாமல் போகிறது என்றீர்கள். அப்படி இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் பூமியில் தங்கிய கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அதிகம் எரித்த நாடுகள் எவை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. உள்ளூர்க் குற்றமும் இதனால் லேசாகிவிடாது. கழிவுநீரும் சேறும் படியாத பாறை வெளுத்தாலும் சீக்கிரம் தேறும். குஞ்சுப் பவளம் ஒட்டிப் பிடிக்கச் சுத்தமான கல் வேண்டும். பாசியை மேய்ந்து அந்த இடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பவை கிளிமீன், ஓரா போன்றவை. அவற்றையும் வழித்து எடுத்துவிட்டால் ஆறு வருட இடைவெளி கிடைத்தும் பயனில்லை.

செயற்கையாகப் பவளம் நடும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வான் தீவைச் சுற்றி சிமென்ட் கூடுகளை இறக்கியது நல்ல காரியம், அலையைத் தடுக்கிறது, மீனும் சேர்கிறது. ஆனால் பாறைகளில் நடுவது பெரும்பாலும் வேகமாக வளரும் கிளைப் பவளங்களை. சூட்டில் முதலில் சாவதும் அவைதான். திறப்பு விழாப் படங்களைப் பார்க்கும்போது இது ஞாபகத்துக்கு வருகிறது.

உங்கள் அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுத முடியுமா? மேலே சொன்ன அளவீடு 2000க்குப் பிந்தியது. அவருடைய ஞாபகம் அதற்கு ரொம்ப முந்தியது. எந்தெந்தப் பாரில் மான்கொம்பு அதிகம் இருந்தது, அங்கே எந்த மாதம் என்ன மீன் பட்டது, முதன்முதலில் பார் வெளுத்துப் பார்த்தது எந்த வருடம் என்று அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். பார்களின் பெயர்களை அவர் சொல்கிற மாதிரியே போடுங்கள்.

அன்புடன்.