பீரங்கிக்குப் பதிவேடு உண்டு

அன்புள்ள ஐயா,

குண்டுவெடிப்பில் சிக்கிய படைவீரரின் மூளைக்காயத்தை ரத்தப் பரிசோதனை மூலம் பதினைந்தே நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன். வெடிப்பின் தாக்கத்தை அளக்கும் உணரிகளைத் தலைக்கவசத்தில் பொருத்தும் முயற்சியும் நடக்கிறதாம். போர்க்களத்தில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: படையிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமா, "ரத்தம் வரவில்லை என்றால் காயமே இல்லை, இதெல்லாம் இந்தக் காலத்துப் பையன்கள் சொல்லும் சாக்கு" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

செந்தில்நாதன்

அன்புள்ள செந்தில்நாதன்,

உங்கள் மாமா மீது எனக்குக் கோபமில்லை. அவரை அப்படிப் பேசப் பழக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்து, ஏதோ பட்டிமன்றத் தலைப்பைப் போல "உங்கள் கருத்து என்ன" என்று என்னிடம் நீட்டுகிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அந்த வாக்கியத்துக்கு ஏற்கெனவே உயிர்கள் போயிருக்கின்றன. ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் முதல் உலகப் போரில், 1915இல், ஷெல் ஷாக் (குண்டுவீச்சில் சிக்கியவர்களின் நடுக்கத்துக்கும் நிலைகுலைவுக்கும் அன்று வைத்த பெயர்) என்று ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தவர். கை நடுக்கத்தால் மனைவிக்குக்கூடத் தன் கையால் கடிதம் எழுத முடியவில்லை, செவிலியர் எழுதிக்கொடுத்தார். மறுபடியும் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916இல் இனி என்னால் முடியாது என்று நின்றுவிட்டார். கோழைத்தனம் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். 2006இல் அவரோடு சேர்த்து 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. ஃபாருக்கு இருந்தது மூளைக்காயமா, மனக்காயமா, இரண்டுமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய காலத்தில் யாரும் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைச் செல்கள் சேதமடைந்தால் கசியும் இரண்டு புரதங்களை அது அளக்கிறது. முதலில் ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 2024இல் முழு ரத்தத்திலேயே செய்ய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல கருவிதான். ஆனால் சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்ய உதவுவதுதான் அதன் வேலை. முடிவு நெகட்டிவ் என்றால் மூளை அதிரவே இல்லை என்று பொருளாகாது. மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று அகச்சிவப்பு ஒளியால் பார்க்கும் கைக்கருவியும் இருக்கிறது. அதற்கும் இதே எல்லைதான், லேசான காயம் அதற்குத் தெரியாது. படைவீரர்களுக்கு ஏற்படும் மூளைக்காயங்களில் பெரும்பாலானவை அந்த 'லேசான' வகை.

அதைக் கண்டுபிடிப்பது இன்றும் கேள்வி பதில் வழியாகத்தான். அமெரிக்கப் படையில் 2006 முதல் 'மேஸ்' என்றொரு சோதனை இருக்கிறது. புழுதி அடங்கியதும் மருத்துவ உதவியாளர் குந்தி உட்கார்ந்து ஐந்து சொற்களைச் சொல்வார்: முழங்கை, ஆப்பிள், கம்பளம், சேணம், குமிழி. திருப்பிச் சொல்ல வேண்டும். டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்ல வேண்டும். சிறிது நேரம் கழித்து, அந்த ஐந்து சொற்கள் என்ன? தன் குழு தன்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுமோ என்று பதறும் இருபது வயதுப் பையன் இதில் எப்படியாவது தேறிவிடத்தான் பார்ப்பான். சொற்பட்டியலை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டவர்களும் உண்டு. காயத்தை மறைப்பதையே மானம் என்று நினைப்பவனிடம் போய் "உனக்குக் காயமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அதனால்தான் 2010இல் வந்த ஒரு விதியை எந்தக் கருவியையும் விடப் பெரிதாக மதிக்கிறேன். வெடிப்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர்கள், குண்டில் சிக்கிய வாகனத்துக்குள் இருந்தவர்கள் அனைவருக்கும் பரிசோதனை கட்டாயம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. 24 மணி நேர ஓய்வும் உண்டு. எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி பின்னுக்குப் போய், எங்கே இருந்தாய் என்ற கேள்வி முன்னால் வந்தது. தூரத்துக்கு மானம் கிடையாது, அது பொய் சொல்லாது. விதி இருந்தும் மேலிடத்து வாய் அடங்கவில்லை என்பது வேறு கதை. 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தில் ஈரானிய ஏவுகணைகள் விழுந்தபோது, யாருக்கும் காயமில்லை என்றார்கள். பிறகு அமெரிக்க அதிபரே, "தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை" என்றார். மூளைக்காயம் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை கடைசியில் நூறைத் தாண்டியது.

ஆனால் 50 மீட்டர் விதி எதிரியின் குண்டுக்குத்தான். சொந்தப் பீரங்கிக்கு?

எனக்கு ஒரு நண்பர் இருந்தார், பீரங்கிப் படையில் பல வருடங்கள் பணிபுரிந்தவர். எதிரியின் குண்டு எதுவும் தன் பக்கத்தில் விழுந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். நாங்கள் சதுரங்கம் ஆடுவோம். நல்ல ஆட்டக்காரர், ஆனால் குதிரையை நகர்த்திவிட்டு, விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, "யார் முறை?" என்று கேட்பார். சொன்னால் முகம் சிவந்துவிடும், சில நாள் பலகையையே தள்ளிவிடுவார். முன்கோபி என்று எல்லோரும் ஒதுங்கினோம். நிழல் சாயும் நேரத்தில்கூட விளக்கைப் போட விடமாட்டார்.

அவர் ஒருமுறை சொன்னது இது. ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு பதிவேடு உண்டு. எத்தனை குண்டு சுட்டது, எந்த அளவு வெடிமருந்தில் சுட்டது, எல்லாம் அதில் ஏறும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் குழல் தேய்ந்துவிட்டது என்று மாற்றிவிடுவார்கள். அத்தனை வெடிப்பின்போதும் அந்தக் குழலுக்குப் பக்கத்திலேயே நின்றவர் அவர். அவருக்குப் பதிவேடு இல்லை.

செந்தில்நாதன், நான் சொல்ல வருவது இவ்வளவுதான், இதைத்தான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். எஃகுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த படைக்கு மனிதனுக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா? நரம்பு நோயியல் வல்லுநர் டேனியல் பெர்ல் குழுவினர் 2016இல், வெடிப்புகளுக்கு ஆளான படைவீரர்களின் மூளையில் தனித்தன்மை வாய்ந்த தழும்புகளைக் கண்டார்கள். இறந்தபின், நுண்ணோக்கியில். உயிரோடு இருக்கும்போது வழக்கமான ஸ்கேனில் அது அகப்படுவதில்லை. அகப்படாத ஒன்றுக்கு எண்ணிக்கைதானே ஒரே சாட்சி? 2024 ஆகஸ்டில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆயுதங்களைச் சுடும்போது எழும் வெடிப்பலைக்குச் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தம் என்று எல்லை வகுத்து, புதிதாகச் சேருபவர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிவாற்றல் சோதனை செய்யச் சொன்னது. ஷெல் ஷாக் என்ற பெயரை பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் எழுதியது 1915 பிப்ரவரியில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைக்கவச உணரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரட்டும். அது பதியும் எண் மருத்துவரின் கோப்புக்குப் போனால் உபயோகம். பதவி உயர்வைத் தீர்மானிக்கும் அதிகாரியின் மேஜைக்கும் போகும் என்று தெரிந்தால், பையன்கள் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.