இடம் போதாதென்று விண்டோஸை மாற்றலாமா?

கேள்வி: ஹட்டனில் சிறிய ஸ்டூடியோ நடத்துகிறேன். விண்டோஸ் 11 உள்ள லெப்டொப்பின் 256 ஜிபி எஸ்எஸ்டி கல்யாணப் படங்களால் நிரம்பிவிட்டது. லினக்ஸ் போட்டால் இடம் மிஞ்சுமா? மெக்புக் வாங்கினால் லாபமா?

பதில்: இடத்துக்காக மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். விண்டோஸ் 11 அப்டேட்டுகளோடு ஏறத்தாழ 40 ஜிபி பிடிக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 15 ஜிபி அளவில் அடங்கும். மிஞ்சுவது 25 ஜிபிதான். ஒரு ரோ படம் (கமெராவின் பதப்படுத்தாத மூலப் படம்) 25 எம்பி என்று வைத்தால், 1,500 படம் எடுக்கும் கல்யாணத்துக்கே 37 ஜிபி வேண்டும். ஃபோட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் லினக்ஸ் பதிப்பும் கிடையாது.

மெக்புக் ஏரில் எஸ்எஸ்டி போர்டோடு ஒட்டியே வருகிறது, பிறகு மாற்ற முடியாது. பெரிய கொள்ளளவை வாங்கும்போதே கேட்க வேண்டும். அந்தக் கூடுதல் ஜிபிக்குத் தனி எஸ்எஸ்டியைவிட விலை அதிகம். மெக்கில் 256 என்று காட்டுவது விண்டோஸில் 238 என்று தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெக் 1,000 ஆலும் விண்டோஸ் 1,024 ஆலும் வகுக்கின்றன, டிஸ்க் ஒன்றேதான்.

முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். ஹைபர்னேஷனை (ரெம்மில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு லெப்டொப்பை அணைக்கும் வசதியை) நிறுத்தினால், 16 ஜிபி ரெம் உள்ள லெப்டொப்பில் 6 ஜிபி அளவு திரும்பக் கிடைக்கும். இதெல்லாம் சில நாட்களுக்குத்தான் தாங்கும்.

நிரந்தர வழி, படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது. இங்கே 2.5 அங்குல டிஸ்க்கையே வாங்குங்கள். அது யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுப்பதால், கரண்ட் போனாலும் லெப்டொப் பட்டரியில் ஓடும். 3.5 அங்குல டிஸ்க்குக்குச் சுவர் பிளக்கில் செருகும் தனி அடாப்டர் வேண்டும். சித்திரை, ஐப்பசி இடிமழையில் கரண்ட் போன அதே நொடியில், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும்.

விண்டோஸ் மட்டும் பாவித்தால், டிஸ்க்கை விண்டோஸின் சொந்தக் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் ஆக ஃபோர்மெட் செய்யுங்கள். அல்பம் அடிக்கும் இடத்தில் மெக் இருந்தால் அது என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. அப்போது இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபெட் அமைப்பு வேண்டும். ஆனால் எக்ஸ்ஃபெட்டில் ஜர்னல் (பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்ய உதவும் பதிவேடு) இல்லை. பாதியில் பிடுங்கினால் கோப்பு அட்டவணையே குழம்பிப் படங்கள் காணாமல் போகலாம், இஜெக்ட் கொடுக்காமல் கழற்றவே கூடாது. என்றாவது லினக்ஸுக்குப் போய் அதன் கோப்பு அமைப்பான ஈஎக்ஸ்டி4 போட்டால், அது 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கிவிடும்; 1 டிபியில் 50 ஜிபி. படம் மட்டும் வைக்கும் டிஸ்க்கில் அதைப் பூச்சியமாக்கலாம்.

விலை பார்க்கும்போது, ஒன்று படங்களுக்கு, மற்றது அவற்றின் பிரதிக்கு என்று ஒரே அளவில் இரண்டு டிஸ்க்காகக் கணக்கிடுங்கள். இரண்டின் விலையைக் கூட்டி, ஒன்றின் கொள்ளளவால் வகுத்து வருவதே ஒரு ஜிபியின் உண்மையான செலவு. வாடிக்கையாளரின் கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. இரண்டாவது டிஸ்க்கைப் பிரதி எடுத்ததும் கழற்றி, ஸ்டூடியோவில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.