தோட்டக் கேள்விகள்: கடப்பாரை என்ன சத்தம் போடுகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் கருங்கல் மலைச்சரிவில் வீடு வாங்கியவர்களுடையது. எல்லாருக்கும் ஒரே குறை, மண்ணில் தண்ணீர் நிற்பதில்லை.

அண்ணா, போன வருஷம் மதுரையிலிருந்து வந்தோம். பார்ல் மலையடிவாரத்தில் வீடு. காலையில் ஊற்றுகிற தண்ணீர் மத்தியானத்துக்குள் காணோம். மண்ணைக் கையில் எடுத்தால் நறநற என்று மணலும் மினுமினுப்பும்தான். கறிவேப்பிலைக் கன்று இரண்டு வாடிவிட்டன. இதில் ஏதாவது வருமா? (பார்ல் வாசகி)

வரும் தங்கச்சி. கையில் ஒட்டுகிற மினுமினுப்பு காக்காப்பொன் (மைக்கா). நறநற என்பது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). இரண்டும் கருங்கல் பாறை மக்கும்போது மிஞ்சுகிறவை. அதே பாறையில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமம் மட்டும் மெதுவாகக் களிமண்ணாக மாறும், ஆனால் சரிவில் அந்தக் களியை மழை கீழே அடித்துக்கொண்டு போய்விடுகிறது, மேலே தங்குவது சரளை. அதனால் மேட்டில் இருக்கிற உங்களுக்கு மண் மெல்லிசு, கீழ்த்தெருக்காரருக்கு ஆழமான மண். பொறாமைப்பட்டுப் பிரயோஜனமில்லை.

முதலில் ஒரு கடப்பாரை எடுத்து நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு அடியில் "டங்" என்று கை அதிர்ந்தால் அடியில் முழுப் பாறை, அங்கே மரம் வைக்காதீர்கள், கீரை, மூலிகை, கள்ளி வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "சொத்" என்று அழுங்கி இறங்கினால் அது மக்கின பாறை. பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும், விரலால் கிள்ளினால் உதிரும். மேல்மண் ஒரு அடிதான் என்றாலும் வேர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும், அங்கே ஈரம் கோடையிலும் கொஞ்சம் இருக்கும். என் தோட்டத்தில் இரண்டு சத்தமும் பத்தடி இடைவெளிக்குள் கேட்டிருக்கிறது, அதனால் ஒரே இடத்தில் குத்திவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். கேப்பில், அதாவது பார்லும் கேப் டவுனும் இருக்கிற தென்மேற்கு மூலையில், மழை குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை. குளிரும் ஈரமும் சேர்ந்து வேரை அழுக வைப்பதுதான் இங்கே அதற்குப் பெரிய எமன், தண்ணீர் வடிகிற மண் அதற்கு நல்லதே. கோடையில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாளியில் மொத்தமாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அல்லது மெருகு போடாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பி வையுங்கள், அது கசிந்து கசிந்து கொடுக்கும். இந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஏற்காது, மேலே முத்து முத்தாக உருண்டு ஓடும், அப்போது ஊற்றுவதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான். நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மதுரையில் வெயில் தலைக்கு நேர் மேலே, எந்தப் பக்கம் வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே சூரியன் வடக்கே போகும், அதனால் வடக்குப் பார்த்த சரிவுதான் சுடுகிற சரிவு, சீக்கிரம் காய்வதும் அதுதான். கறிவேப்பிலையை வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள், ஜூலையில் அந்தச் சுவரின் சூடு அதற்கு வேண்டும். கீரையைத் தெற்குப் பக்கம் வையுங்கள்.

கிங் ப்ரோட்டியா என்கிற பூச்செடி வாங்கி வைத்தேன். நல்ல தொழு உரமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டேன், இரண்டே மாதத்தில் கருகிவிட்டது. செடி விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (கேப் டவுன் வாசகர்)

இல்லை சார், நீங்கள்தான் கொன்றுவிட்டீர்கள். நானும் ஒன்றைக் கொன்றிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைந்த மண்ணில் வளர்ந்து வளர்ந்து, கிடைக்கிற துளியையும் உறிஞ்சும் கொத்து வேர்களை ப்ரோட்டியா குடும்பம் உண்டாக்கி வைத்திருக்கிறது. அதற்குப் போய் சூப்பர் பாஸ்பேட் போட்டால் உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாது. இலை மஞ்சளாகும், ஓரம் கருகும், அவ்வளவுதான். அடுத்த செடிக்கு உரமே வேண்டாம், சாணமும் வேண்டாம். அந்த வேர்கள் மேலாகவே இருக்கும், சுற்றிக் கொத்திவிடாதீர்கள், களையைக் கையால் பிடுங்குங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர், அப்புறம் மறந்துவிடலாம். லயன்ஸ் ஹெட் மலைப் பக்கம் நடக்கப் போனால் வெள்ளிமரத்தைப் பாருங்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான், கருங்கல் மண்ணில் யாரும் உரம் போடாமல் பளபளவென்று நிற்கிறது.

வீட்டுக்குப் பின்னால் சரிவு. போன நவம்பரில் ஒரே மழையில் பாத்தி, மிளகாய், எல்லாம் ரோட்டுக்குப் போய்விட்டது. ஒரு லாரி மேல்மண் இறக்கலாமா? முருங்கை வருமா? (நெல்ஸ்ப்ரூட் வாசகர்)

லாரி மண்ணைத் தொடாதீர்கள் தம்பி. அதுவும் அடுத்த மழையில் அதே ரோட்டுக்குத்தான் போகும். நான் ஒரு தடவை வாங்கினேன், "அருமையான கறுப்பு மண்" என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார்கள், உள்ளே முழுக்கக் கோரைக் கிழங்கு. ஆறு வருஷமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வடகிழக்குப் பக்கமும் கருங்கல் மண்தான், ஆனால் மழை கோடையில், அதுவும் இடியோடு கொட்டும். ஆகவே மண் சேர்ப்பதற்கு முன்னால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். கொத்தனாரின் டியூப் மட்டத்தால் சரிவில் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் கிடைக்கிற கல்லை வரிசையாக அடுக்குங்கள். கோடு சாய்ந்தால் தாழ்ந்த முனையில் தண்ணீர் சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும், அதனால் கண் மதிப்பை நம்பவேண்டாம். கல்லுக்கு மேல்பக்கம் வெட்டிவேர் நடுங்கள். ஆமாம், நம் வெட்டிவேர்தான், ஆங்கிலத்தில் இன்று சொல்கிற பெயரே தமிழிலிருந்து போனது, நேட்டால் கரும்புத் தோட்டங்களிலும் சரிவைக் காக்க வைத்திருக்கிறார்கள். ஒரு சாணுக்கு ஒரு தூர், நெருக்கமாக. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக இரண்டு மூன்று மீட்டர் இறங்கும், விதை விழுந்து பரவுகிற தொல்லையும் இல்லை. இரண்டு வருஷத்தில் கல்லுக்குப் பின்னால் தானாகவே மண் தேங்கும், காசில்லாத மேல்மண். புல்லை முழுக்கச் சுரண்டிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நம் ஆட்களுக்கு வெறும் தரை என்றால் ஒரு ஆசை.

முருங்கை தாராளமாக வரும். தண்ணீர் தேங்கினால்தான் அது சாகும், உங்கள் சரிவில் அந்தப் பயமே இல்லை. பனி உறைகிற பள்ளத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

இவ்வளவு மோசமான மண் என்றால் திராட்சைக்காரர்கள் ஏன் இதையே தேடிப் போகிறார்கள்? (டர்பன் வாசகர்)

மோசம் என்று நான் சொல்லவில்லையே! கேப்பில் ஸ்வார்ட்லாந்து பகுதியில் பெர்டபெர்க் மலைப் பக்கம் போனால் பந்தல் கம்பியில்லாமல் குத்துச்செடியாக நிற்கிற பழைய ஷெனின் ப்ளாங்க் திராட்சைகளைப் பார்க்கலாம், பல இடங்களில் பாசனமே கிடையாது. மேலே வறண்ட சரளை, வேர் கீழே மக்கின பாறைக்குள். கொடி கண்டபடி தழைக்காது, பழம் சின்னது, மகசூல் குறைவு, சாறு கெட்டி. விலை அந்தக் கெட்டிக்குத்தான். கத்தரிக்காய்க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அதற்கு எருவும் தண்ணீரும் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தே ஆக வேண்டும். மொத்தமாகப் போட்டால் மழையில் கரைந்து போய்விடும். மண் புளிப்பாகவும் இருக்கும், பரிசோதனை செய்து பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு போடுங்கள், ஆனால் ப்ரோட்டியா பக்கம் கொண்டு போகாதீர்கள்.

மாமா, பார்ல் பாறை வெங்காயம் மாதிரி ஏன் உரிகிறது? பத்து வயது. (பார்ல்)

நல்ல கண்ணு உனக்கு. அந்தக் கருங்கல் சுமார் 54 கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்குள் ஆழத்தில் உறைந்தது. மேலே இருந்த பாரமெல்லாம் அரித்துப் போனதும் அழுத்தம் விட்டு, விரிந்து, தோல் தோலாக விடுகிறது. அந்தத் தோல் உடைந்து உடைந்து வருவதுதான் உங்கள் வீட்டுச் சரளை. 1657-இல் ஒரு டச்சுக்காரர் அந்தப் பாறை மின்னியதைப் பார்த்து வைரம், முத்து என்று பெயர் வைத்தார், அந்த முத்துதான் பார்ல். மழை நின்ற பிறகு அப்பாவோடு போய்ப் பார், மின்னும். ஈரம் காயும் வரை மேலே ஏறாதே, வழுக்கும்.