எடை மிஷினை உள்ளறையில் வையுங்கள்

கேள்வி: நான் கடலூர் மாவட்டத்தில் கல்லூரி மாணவி. புயல் வந்தால் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நிவாரண முகாம் போடுவார்கள், நானும் உதவிக்குப் போவேன். போன முறை, கல்யாணமாகி ஆறு மாதமே ஆன 19 வயதுப் பெண் ஒருத்தி, "கருத்தடை மாத்திரை அட்டை வெள்ளத்துல போயிடுச்சு, ரெண்டு நாளாச்சு, என்ன பண்றது?" என்று காதோடு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போகவும் மறுத்துவிட்டாள். இந்த முறை என்ன தயார் செய்து வைக்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பெண்ணின் சந்தேகம். மாலா-என் மாதிரி தினசரி மாத்திரையில் ஒன்று விட்டுப்போனால், நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு வழக்கம்போலத் தொடரலாம். அந்தப் பெண்ணைப் போல இரண்டோ அதற்கு மேலோ விட்டால், மாத்திரை கிடைத்தவுடன் ஒன்று போட்டுத் தொடர வேண்டும். ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். அட்டையின் முதல் வாரத்தில் விட்டுப்போய், அந்த நாட்களில் உறவும் நடந்திருந்தால் அவசரகால மாத்திரை: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., 72 மணி நேரத்துக்குள். சீக்கிரம் போடப் போட நல்லது. இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், உண்டான கருவைக் கலைக்காது. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதனால் மழைக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா என்ற கருத்தடை ஊசி போடுபவர்கள் பதற வேண்டாம். நாள் தவறினாலும் நான்கு வாரம் வரை போட்டுக்கொள்ளலாம்.

அவள் ஏன் டாக்டரிடம் போகவில்லை என்பதுதான் பெரிய விஷயம். 2018 கஜா புயலின்போது வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளி வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே நாளில் மூன்று தடவை வயிற்று வலி என்று ஒரு பெண் வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாமியார், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. மூன்றாம் தடவை, "எடை பார்க்கணும், உள்ளே வாம்மா" என்று வகுப்பறைக்குள் கூட்டிப்போனேன். கதவைச் சாத்தியதும், "பத்து நாள் தள்ளிப்போயிருக்கு டாக்டர்" என்றாள். அன்று சாயங்காலமே எடை மிஷினை உள்ளே மாற்றினோம். எல்லோரும் எடை பார்க்க உள்ளே போகிறார்கள், யார் எதற்குப் போனார்கள் என்று எவருக்கும் தெரியாது. மருந்துப் பெட்டிக்கு முன்னால் நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது அந்த அறையைத்தான்.

நாப்கினை மைக்கில் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள், கழிப்பறையிலேயே அடுக்கி வையுங்கள். கூடவே உள்ளாடை (இதை யாரும் நன்கொடையாகத் தருவதில்லை!), மூடியுள்ள குப்பை வாளி, டார்ச், நல்ல தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாத முகாமில் பெண்பிள்ளைகள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், பிறகு சிறுநீர்த் தொற்றோடு வருவார்கள்.

யாருக்காவது பாலியல் வன்முறை நடந்திருந்தால், உடனே அரசு மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியது. எப்.ஐ.ஆர். இருந்தால்தான் சிகிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. தனியார் மருத்துவமனையும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தந்தாக வேண்டும்.

கருக்கலைப்பு பற்றி முகாமில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். பொதுவாக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை உண்டு. அரசு அறிவித்த பேரிடரில் சிக்கிய பெண்களையும் 2021 விதிகள் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து வேண்டாம். 18 நிரம்பாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை, போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவலும் போகும். ஆனால் சம்மதத்தோடு நடந்த உறவில் உண்டான கருவென்றால், பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

கர்ப்பிணிகளின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். பிரசவ தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பட்டியலில் ஏறாத பெண் யாராவது இருக்கிறாளா என்று உங்களைப் போன்ற உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். செவிலியரின் எண்ணோடு 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகியவற்றையும் தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். புயலில் போனில் சார்ஜ் நிற்காது.