பொங்கலுக்கு வீடு ஒதுக்குற நேரம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

பொங்கல் கிட்ட வந்துடுச்சு, எல்லா வீட்லயும் ஒட்டடை அடிக்கிற நேரம், அதான் கேள்வியெல்லாம் ஒரேயடியா குவிஞ்சிருக்கு. முடிஞ்ச வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிடுறேன். உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒண்ணு இதுல இருக்கு, அதை முதல்ல எடுத்துக்குறேன்.

கேள்வி: அக்கா, எங்க வீட்ல போர் தண்ணி. பாத்ரூம் டைல்ஸ், குழாய் எல்லாம் வெள்ளை வெள்ளையா உப்பு படிஞ்சு கெட்டியாயிடுச்சு. ஆசிட் ஊத்தி தேய்ச்சேன், முழுசா போகல. அது மேலயே பிளீச்சிங் பவுடர் தூவி ஊற வச்சா போகும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க, செய்யலாமா?

பதில்: வேணாம்மா, தயவுசெஞ்சு வேணாம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அதை நாலு மூச்சு இழுத்தாலே நெஞ்சு எரிஞ்சு மூச்சு அடைக்கும், ஆளையே சாய்ச்சிடும். கடையில வாங்குற டாய்லெட் கிளீனர்லயும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கு, அதனால அதோடயும் பிளீச் சேரக்கூடாது. இன்னைக்கு ஒண்ணு போட்டீங்கன்னா நிறைய தண்ணி விட்டு கழுவிட்டு, இன்னொண்ணை வேற ஒரு நாள் போடுங்க. தப்பித்தவறி கலந்து நெடி வந்துச்சுன்னா அதைக் கழுவி விடலாம்னு உள்ள நிக்காதீங்க, உடனே வெளிய வாங்க, மூச்சு திணறினா 108க்கு போன் பண்ணிடுங்க.

சரி, உப்புக்கறைக்கு வருவோம். அது பெரும்பாலும் கால்சியம், புளிப்புக்குத்தான் கரையும். பழைய துணியை வினிகர்ல நனைச்சு குழாயைச் சுத்தி கட்டிட்டு அரை மணி நேரம் விட்டுடுங்க, அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா பொருக்கு பொருக்கா உதிரும். ஒரே தடவைல போகலன்னா மறுபடி கட்டுங்க. தரை மார்பிள், மொசைக்னா வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது, பளபளப்பு போயிடும். அப்புறம் வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊத்துறாங்களே, நுரை நல்லா வரும், ஆனா ஒண்ணை ஒண்ணு முறிச்சுடும், கறைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

கேள்வி: பையனோட வெள்ளை யூனிபார்ம் சட்டையில சாம்பார். சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாயிடுச்சு! சட்டை போச்சா?

பதில்: போகலமா, பயப்படாதீங்க. மஞ்சள்ல சோப்போட காரம் பட்டா சிவக்கும், நல்லா அலசினா திரும்ப மஞ்சளாயிடும். முதல்ல எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கணும், அதுக்கு பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு விரலால கசக்கி பத்து நிமிஷம் வச்சு அலசுங்க. மிச்ச கறையை வெயில் பாத்துக்கும். கறை இருக்கிற பக்கம் மேல தெரியுற மாதிரி ஈரத்தோட உச்சி வெயில்ல காயப்போடுங்க, மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகவே ஆகாது, சாயங்காலத்துக்குள்ள வெளுத்துடும். கலர் துணின்னா துணியோட சாயமும் சேர்ந்து வெளுக்கும், அதனால பாத்து.

கேள்வி: பால் பொங்கி அடிபிடிச்ச பாத்திரத்துக்கு சமையல் சோடா போடலாமா?

பதில்: எவர்சில்வர்னா தாராளமா. தண்ணியோட ஒரு ஸ்பூன் சோடா போட்டு கொதிக்க வச்சு ஆற விடுங்க, கரண்டியால தள்ளினாலே வரும். அலுமினியம்னா சோடா வேணாம், கறுத்துடும். அதுக்கு புளித்தண்ணி கொதிக்க வைங்க.

கேள்வி: குக்கர்ல பருப்பு வச்சா விசில் வழியா பொங்கி அடுப்பெல்லாம் மஞ்சளாகுது. துடைச்சே ஓய்ஞ்சு போறேன்க்கா.

பதில்: பருப்பும் தண்ணியும் சேர்த்து பாதி குக்கருக்கு மேல போகக்கூடாது, நுரைக்கு இடம் வேணும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, விசில் வந்ததும் தீயைக் குறைங்க. முக்கியமா, தினமும் மூடியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு வெயிட் உட்கார்ற குழாய் வழியா பாருங்க, வெளிச்சம் தெரியணும். அங்க பருப்புத்தோல் அடைச்சுக்கிட்டா வெறும் பொங்கறதோட நிக்காது. கேஸ்கட் விறைச்சுப்போயிருந்தா மாத்திடுங்க.

கேள்வி: கேஸ் நாத்தம் வந்தா மொதல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போடணுமா?

பதில்: கூடாது தம்பி. எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, எரியிற லைட்டை அணைக்கவும் கூடாது, சுவிட்ச்ல வர்ற அந்த சின்னப் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க. இந்த கேஸ் காத்தை விட கனம், தரையோட தரையா தங்கும், அதனால கதவைத் திறந்து வச்சு கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருங்க. வெளிய வந்ததுக்கப்புறம் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: பரண் நிறைய சாமான். மாமியார் எதையும் தூக்கிப்போட விட மாட்றாங்க. பேச்செடுத்தாலே சண்டைதான். என்ன பண்றதுக்கா?

பதில்: இதைத்தான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பரண்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. அங்க இருக்கிற பித்தளை அண்டாவும் பேர் வெட்டின எவர்சில்வர் தூக்கும் அவங்க சீரா கொண்டு வந்தது, அவங்க அம்மா வீட்லருந்து வந்த கடைசிப் பொருளாக்கூட இருக்கலாம், அதுல கை வைக்க நமக்கு உரிமை இல்லைங்கறது என் கருத்து. நம்ம சாமான்ல இருந்து ஆரம்பிங்க. கிச்சன் கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணியில கட்டைப்பை தொங்குமே, ஒரு பைக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு ஜவுளிக்கடை நகைக்கடை பை எல்லாம் திணிச்சு, அதைக் கீழ கொட்டுங்க. நல்லதா அஞ்சாறு வச்சுக்கிட்டு மிச்சத்தை பழக்கடைக்காரங்களுக்கு கொடுத்தா சந்தோஷமா வாங்கிப்பாங்க. அடுத்தது ஓட்டல் பார்சல் டப்பா, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. இதுக்கெல்லாம் யாரும் சண்டை போட மாட்டாங்க, அதுலயே ஒரு ஷெல்ஃப் காலியாயிடும்.

அப்புறமா ஒரு மத்தியானம் அத்தையை நாற்காலி போட்டு உட்கார வச்சு பரண் சாமானை ஒண்ணொண்ணா இறக்கி அவங்க கையில கொடுங்க, “இது எங்க வாங்கினது அத்தை”ன்னு கேளுங்க. பேசிக்கிட்டே அவங்களே “இதை உன் நாத்தனாருக்கு கொடுத்துடலாம், இந்த ஓட்டையை கடையில போட்டு மாத்திக்கலாம்”னு சொல்லுவாங்க. வேணும்னு சொன்னா திருப்பி ஏத்திடுங்க, முகம் சுளிக்காம. அவங்க ஊருக்குப் போயிருக்கிறப்ப தூக்கிப் போடுற வேலை மட்டும் வேணவே வேணாம், அந்த வருத்தம் அந்த அண்டாவை விட ரொம்ப நாள் வீட்ல இருக்கும்.

கேள்வி: போகிக்கு பழைய பாய், தலகாணி, பிளாஸ்டிக் எல்லாம் கொளுத்திடலாமா?

பதில்: 2018 போகி அன்னைக்கு சென்னையில புகைமூட்டத்தால ஃபிளைட் கூட இறங்க முடியாம போச்சு, ஞாபகம் இருக்கா? ஆஸ்துமா இருக்கிறவங்களும் கைக்குழந்தைங்களும் அதே காத்தைத்தான் சுவாசிக்கணும். பிளாஸ்டிக், டயர், ரெக்ஸின் எதையும் கொளுத்தாதீங்க. பழைய இரும்புக்கடைக்குப் போறது போக மிச்சத்தை தூய்மைப் பணியாளர்கள்கிட்ட பிரிச்சுக் கொடுங்க. உடைஞ்ச கண்ணாடி இருந்தா பேப்பர்ல சுத்தி சொல்லிக் கொடுங்க, அவங்க கையை வச்சுத்தான் அள்றாங்க.

கேள்வி: சிஸ்டர், நானும் மனைவியும் வேலைக்குப் போறோம். வீட்டு வேலையில கூட நிக்கலாம்னு போனா “நீங்க செஞ்சா எனக்கு ரெட்டை வேலை”ன்னு திட்டு விழுது.

பதில்: ஒரு வேலையை ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் நீங்களே எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு துணி. அழுக்குக் கூடையைப் பிரிக்கிறது, சாயம் போறதைத் தனியா போடுறது, மெஷின் போடுறது, காயவைக்கிறது, மழை வந்தா ஓடிப்போய் எடுக்கிறது, மடிச்சு அவங்கவங்க அலமாரியில வைக்கிறது, சோப்புப் பவுடர் தீரப்போகுதான்னு பாக்குறது, எல்லாமே உங்க பொறுப்பு. “எதைப் போடட்டும்”னு அவங்களைக் கேக்கக்கூடாது. ஆரம்பத்துல மடிப்பு கோணலாத்தான் வரும், அதை அவங்களும் பிரிச்சு மறுபடி மடிக்காம இருக்கணும், இதை அவங்ககிட்டயும் காட்டுங்க.

கேள்வி: பீரோவுல இருக்கிற பட்டுப்புடவையெல்லாம் மடிப்புலயே இத்துப்போகுது. கொடுத்துடலாமா வச்சுக்கலாமா?

பதில்: இத்துப்போனது இனிமே கட்ட வராது, உண்மையான வெள்ளி ஜரிகைன்னா அதுக்குன்னு வாங்குறவங்க இருக்காங்க, ரெண்டு மூணு இடத்துல விலை கேட்டுட்டு கொடுங்க. நல்லா இருக்கிறதை பழைய காட்டன் வேட்டித் துணியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம், பூச்சி உருண்டை ஜரிகை மேல படவும் வேணாம். சில மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து நிழல்ல ஆறவிட்டு, பழைய மடிப்பு விழுந்த இடத்தை விட்டு வேற இடத்துல மடிங்க. அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டிடுங்க.