ஆற்றுக் கப்பலில் எப்போது ஏறலாம்?

2022 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, கப்பல் பயணம் பற்றிய கொரோனா எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. அடுத்த நாளிலிருந்தே ஆற்றுக் கப்பல் கேள்விகள் வந்து குவிந்தன. பல கடிதங்கள் ஒரே மாதிரி இருப்பதால் சுருக்கி, சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐரோப்பாவின் ரைன் நதிப் பயணத்தை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுவிட்டோம். எச்சரிக்கையே போய்விட்டது. இனி பணம் கட்டலாமா?

எச்சரிக்கைதான் போயிருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று, தடுப்பூசி போட்டவர்கள்கூடக் கப்பலில் ஏற வேண்டாம் என்று சொன்னதும் இதே மையம்தான். மூன்றே மாதத்தில் நிலைமை மாறியது. அடுத்த மூன்று மாதத்தில் திரும்பவும் மாறலாம். நீங்கள் கட்டப்போகும் பணமோ அதைவிட அதிக காலம் அவர்கள் கையில் இருக்கும்.

அதனால் பயணத் தேதியை அப்புறம் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது வேறொரு தேதி: எந்த நாள் வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும்? அந்த நாள் புறப்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கட்டுங்கள். நான்கு மாதத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது என்றால், அந்தக் கம்பெனி தொற்றின் சுமை முழுவதையும் உங்கள் தலையில் வைக்கிறது என்று பொருள்.

கேள்வி: டிசம்பரில் ஐரோப்பாவின் டானூப் நதிக்கரையின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க ஆசை. அல்லது எந்த மாதம் நல்லது?

இந்தத் தொற்று இருக்கும்வரை டிசம்பர் வேண்டாம். முன்பு ஒருமுறை நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 19 அன்று ஜெர்மனியின் பவேரியா மாநிலம் தன் கிறிஸ்துமஸ் சந்தைகள் எல்லாவற்றையும் ரத்து செய்வதாக அறிவித்தது. நவம்பர் 22 முதல் ஆஸ்திரியா முழு ஊரடங்குக்குப் போனது, வியன்னாவின் சந்தைகளும் மூடப்பட்டன. சந்தைக்காகவே டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பார்க்க வந்ததே இல்லாமல் போனது. குளிர்காலத்தில் எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். தொற்றுக்கு அது வசதி.

அப்படியென்றால் கோடையா? ஆம், ஆனால் ஆற்றையும் கேட்க வேண்டும். நோயைப் பற்றி மட்டுமே யோசித்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீர்மட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 2018 அக்டோபரில் ரைன் நதியின் நீர்மட்டத்தைக் காட்டும், கவுப் ஊரிலுள்ள அளவுகோல் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. ஆழம் போதாதபோது கம்பெனிகள் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, வழியில் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். தொற்றுக் காலத்தில், முன்பின் தெரியாத ஐம்பது பேருடன் மூடிய பேருந்தில் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பது நீங்கள் வாங்கிய பயணமே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. 2013 ஜூன் தொடக்கத்தில் டானூப் பெருகி ஜெர்மனியின் பஸாவ் நகரம் மூழ்கியது. வெள்ளத்தில் கப்பலால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை என்பது என் கணக்கு. மேல்தளத்தில் உட்காரலாம், அறை ஜன்னலைத் திறந்து வைக்கலாம், பெரும்பாலான வருடங்களில் தண்ணீரும் போதுமானதாக இருக்கும்.

கேள்வி: கடல் கப்பலைவிட ஆற்றுக் கப்பல் பாதுகாப்பானதா? ஏஜென்ட் அப்படித்தான் சொல்கிறார்.

பாதி உண்மை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் என்ற கடல் கப்பலில் சுமார் 3,700 பேர் இருந்தார்கள், 700க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. ஐரோப்பிய ஆற்றுக் கப்பலில் பயணிகள் பெரும்பாலும் 200 பேருக்குள்தான். தினமும் கரையில் நிற்கும், ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்காது. ஆனால் 2020 மார்ச்சில் எகிப்தின் லக்சரில் நின்ற ஒரு நைல் கப்பலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். சாப்பாட்டுக் கூடம் ஒன்றே ஒன்று. ஊழியர்கள் சிறிய அறைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கடல் கப்பலில் இருப்பதுபோல் டாக்டரும் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: என் அறை ஜன்னல் திறக்குமா? 2017இல் டானூப் பயணத்துக்கு விலை குறைவு என்று கீழ்த்தள அறையை எடுத்தேன். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நீளமான ஒரு கண்ணாடி, அதையும் திறக்க முடியாது. ஏழு நாளும் குளிர்சாதனக் காற்றுதான். மூன்றாம் நாள் எனக்கு வந்த சளி, ஐந்தாம் நாள் என் மனைவிக்கும் வந்தது. அது வெறும் சளி. தொற்றுக் காலத்தில் அதே அறையில் ஐந்து நாள் தனிமைப்படுத்தி வைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். காசு போதவில்லை என்றால் நாட்களைக் குறையுங்கள், ஜன்னலைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: முழுத் தொகையும் உடனே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்றார்கள், கட்டிவிட்டேன். நிபந்தனைகளைப் படிக்கவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

படிக்காமல் கட்டினேன் என்று இந்த மாதம் மட்டும் பதினோரு பேர் எழுதியிருக்கிறீர்கள். தொற்று வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கார் வாங்கும்போது சக்கரத்தை உதைத்துப் பார்ப்பவர்கள், அதே அளவு பணத்துக்கு நான்கு பக்கத் தாளைப் படிக்க மாட்டேன் என்றால் நான் என்ன செய்வது?

சரி, இனி செய்ய வேண்டியது. பயந்து இன்றே ரத்து செய்துவிடாதீர்கள். ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். அடுத்த படி எந்தத் தேதியில் என்று பார்த்து, அதற்கு முந்தைய நாள் வரை காத்திருங்கள். கம்பெனியே பயணத்தை ரத்து செய்தால் பணம் முழுவதும் உங்களுடையது, நீங்கள் முந்திக்கொண்டால் கட்டணம் உங்களுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்பட்ட பேக்கேஜ் (போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்து விற்கும் பயணம்) என்றால் இன்னொரு வழியும் உண்டு: புறப்பாட்டுக்கு 7 நாள் முன்பாவது தெரிவித்து, உங்கள் இடத்தை வேறொருவருக்கு மாற்றித்தரலாம். மாற்றுவதற்கு ஆகும் உண்மையான செலவை மட்டும்தான் அவர்கள் கேட்க முடியும்.

கேள்வி: 2020 மே மாதப் பயணத்தை ஜெர்மன் கம்பெனி ரத்து செய்தது. பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுத்தார்கள். பயன்படுத்த முடியவில்லை. இப்போது கேட்டால் 'வவுச்சர் காலாவதி' என்கிறார்கள். நானும் கணவரும் ஓய்வூதியத்தில் சேர்த்த பணம்.

அம்மா, உங்கள் பணம் எங்கும் போகவில்லை. காலாவதியானது வவுச்சர், கடன் அதோடு தீர்ந்துவிடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜ் பயண விதி 2015இலேயே தெளிவாகச் சொல்கிறது: இப்படி ரத்தானால் 14 நாட்களுக்குள் முழுப் பணமும் தர வேண்டும். 2020 மே 13 அன்று ஐரோப்பிய ஆணையம், வவுச்சர் கொடுக்கலாம், ஆனால் பயணி மனமுவந்து ஏற்றால் மட்டுமே என்றது. ஜெர்மனி தன் சட்டத்தில், தொற்றுக்கு முன் பதிவான பயணங்களுக்கான இந்த வவுச்சர்கள் 2021 டிசம்பர் 31க்கு மேல் செல்லாது, பயன்படுத்தாத தொகையை அதன்பின் 14 நாட்களுக்குள் பணமாகத் திருப்ப வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்தக் கெடு 2022 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. பதிவு எண், வவுச்சர் நகல், கட்டிய ரசீது மூன்றையும் இணைத்து, பதில் தர ஒரு தேதி குறித்து, எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம். மறுத்தால், நீங்கள் வசிக்கும் ஒன்றிய நாட்டின் ஐரோப்பிய நுகர்வோர் மையம் கட்டணமின்றி உதவும்.

வவுச்சர் என்றாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். 2020 ஏப்ரலில் போர்ச்சுகலின் டௌரோ நதிக்குப் போக வேண்டியது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்த கம்பெனி. பணம் வேண்டுமா, 10 சதவீதம் கூடுதலாக வவுச்சர் வேண்டுமா என்றார்கள். வவுச்சர் என்றேன். மறு வருடம் அதே பயணத்தின் விலை அந்தக் கூடுதலை விழுங்கிவிட்டது. போகவும் முடியவில்லை, கெடுவும் தாண்டியது, ஒரு காசும் திரும்பவில்லை. வவுச்சர் வாங்குபவர் அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாமல், அடமானமில்லாமல் கடன் கொடுக்கிறார். வங்கி அப்படி ஒரு கடனை அவர்களுக்குத் தருமா? நோய் வந்தது கம்பெனியின் குற்றமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் நஷ்டத்தை ஓய்வூதியக்காரர் தாங்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறார்கள்? பணமா வவுச்சரா என்று கேட்டால் பணம் என்று எழுதிக்கொடுங்கள். கூடுதல் எத்தனை சதவீதம் என்றாலும் சரி.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். கொரோனா வந்தால் எல்லாம் கிடைத்துவிடும்தானே?

'எல்லாம்' என்று எந்தப் பாலிசியிலும் எழுதியிருக்காது. உங்களுக்கே தொற்று வந்து பயணம் தடைப்பட்டால் ஒன்று, பயத்தால் போகாவிட்டால் வேறு. இரண்டாவதற்குச் சாதாரண பாலிசி பணம் தராது. அமெரிக்காவில் 'எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம்' என்ற வகை உண்டு. அதிலும் 50 முதல் 75 சதவீதம்தான், முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். வழியில் தொற்று வந்தால் கூடுதல் நாட்களுக்குத் தங்கும் செலவு சேருமா என்றும் பாருங்கள். அமெரிக்காவுக்கு விமானம் ஏற முந்தைய நாள் சோதனையில் தொற்றில்லை என்று காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூன் வரை இருந்தது. பலர் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கேள்வி: இரண்டே அறைகள் மீதி, இன்று இரவுக்குள் சொல்ல வேண்டுமாம்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, இதய நோய் உண்டு. தொற்று முடியட்டும் என்கிறோம் நாங்கள். 'முடியும்போது நான் இருப்பேனா?' என்கிறார். என்ன செய்வது?

உங்கள் அம்மா கேட்பது நியாயமான கேள்வி. காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர் அவர்தான். அவருடைய இதய மருத்துவரிடம் அவரையும் அழைத்துப்போய்க் கேளுங்கள். பூஸ்டர் ஊசி முடிந்து, மருத்துவரும் சரி என்றால் ஜூனில் நான்கைந்து நாள் பயணம் போதும். ஜன்னல் திறக்கும் அறை, ஒவ்வொரு நாளும் பெரிய ஊரில் நிற்கும் வழி, கூட நீங்கள். தொற்று வந்தால் எந்த ஊரில் இறங்குவது, யார் அவருடன் தங்குவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால், அதை நீங்கள் வந்து சொல்லாதீர்கள். அம்மா அவர் வாயிலிருந்தே கேட்கட்டும்.