பெண்களுக்கு அலுவலகக் கதவைத் திறந்தது தட்டச்சு இயந்திரமா?

தட்டச்சு இயந்திரம் வந்த பிறகுதான் பெண்கள் அலுவலகப் பணிக்கு வந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டச்சராகச் சேர்ந்து தட்டச்சராகவே ஓய்வு பெற்ற எனக்கு அந்த இயந்திரத்தின் மீது தீராத பற்று உண்டு. ஆயினும் அதற்கு முன்பே கத்தரிக்கோல் வந்துவிட்டது என்பதே உண்மை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பெரிய தாள்களாக அச்சாகி வந்த பண நோட்டுகளை வாஷிங்டன் கருவூலத்து எழுத்தர்கள் கத்தரிக்கோல் கொண்டு கையாலேயே வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போனதால் ஆள் பற்றாக்குறை ஏற்படவே, கருவூலத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பின்னர் 1862-இல் அந்த வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். ஆண் எழுத்தருக்கு ஆண்டுச் சம்பளம் 1,200 முதல் 1,800 டாலர் வரை இருந்தது. பெண்ணுக்கோ 600 டாலர்தான். வெட்ட வந்தவர்கள் நோட்டு எண்ணவும், கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கவும் தேர்ந்தார்கள். போர் முடிந்த பிறகும் அவர்களுக்கு அங்கே வேலை இருந்தது.

பெண்களை அமர்த்தினால் சம்பளச் செலவு குறையும் என்ற இந்தக் கணக்கு இங்கிலாந்தில் ஒளிவுமறைவின்றியே எழுதப்பட்டது. தந்திச் சேவையை அஞ்சல் துறை ஏற்ற மறு ஆண்டு, 1871-இல், ஸ்கடமோர் என்ற அதிகாரி அளித்த அறிக்கை பெண்களின் கூர்மையான கண்ணையும் செவியையும் பாராட்டியது. கூடவே, அவர்கள் திருமணமானதும் விலகிவிடுவார்கள், ஆகையால் ஆண்டுதோறும் சம்பளம் உயர்த்தும் சுமை குறையும் என்றும் கூறியது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும் இடம் இது. திருமணமானால் வேலை போய்விடும் என்ற அந்நாட்டு அரசுப் பணி விதி 1946 வரை நீடித்தது.

ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1874-இல்தான். அதன் தையல் இயந்திரப் பிரிவில் உருவானதால் முதல் இயந்திரங்களில் பூ வேலைப்பாடும் கால்மிதியும்கூட இருந்தன. ஆண்களுக்கு வழிவழியாக உரியது என்று சொல்லும் அளவுக்குத் தட்டச்சு வேலைக்குப் பழமை இல்லாததால், பெண்கள் தடையின்றி அதில் பெருகினார்கள்.

திருமணமானால் வேலை போய்விடும் என்ற அந்த விதியின் நிழல் நம் ஊரிலும் விழுந்தது. 1951-இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாநிலத்துக்கு வந்த அன்னா ராஜத்தின் நியமன ஆணையிலேயே, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்தது. அது பின்னர் நீங்கியது. என் திருமணத்துக்கு விடுப்புக் கேட்கும் விண்ணப்பத்தை அலுவலக இயந்திரத்தில் நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். விடுப்பு முடிந்து அதே இருக்கைக்குத் திரும்பினேன்.